ஓர் ஆட்டம் தெரிந்தவர் இன்னோர் ஆட்டம் கற்கும்போது

(இளமறிவியல் கணிதம், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

கல்லூரி மலரில் சீட்டாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்கக்கூடும். சீட்டுக்கட்டைத் தொட்டவன் உருப்படமாட்டான் என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் வார்த்தை. வள்ளுவப் பெருந்தகை சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். தருமன் நாடிழந்த கதையை அறியாத தமிழர் இல்லை. ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பணம் வைத்து ஆடும் ஆட்டத்திற்குப் பரிந்துபேசும் கட்டுரையன்று. ஒன்றை நன்றாகக் கற்ற ஒருவர் அதைப் போன்ற இன்னொன்றைக் கற்கப் புகும்போது எங்கே தடுமாறுகிறார், ஏன் தடுமாறுகிறார் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். அதற்குச் சீட்டாட்டத்தைப் போல எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நான் தடுமாறியது எங்கள் தெருத் திண்ணை ஒன்றில். அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

இரண்டு ஆசிரியர்கள்

புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பது நான்கு ஊர்களின் தொகுப்பு என்பதை நாம் அறிவோம். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசும் கடற்கரையில் உள்ளன. ஏனாம் ஆந்திரத்தின் நடுவே இருக்கிறது. மாஹி அரபிக் கடலோரத்தில் கேரளத்தின் நடுவே இருக்கிறது. அந்த மாஹியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பன் ஒருவன் முதலாண்டிலேயே எனக்கு 'இருபத்தெட்டு' என்னும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தான். மழைக்கால மாலைகளில் நால்வர் கூடி ஆடுவோம். இரண்டாண்டுகளில் அதில் எனக்குக் கை நன்றாகத் தேறிவிட்டது. 'நானும் ஓர் ஆட்டக்காரன்' என்ற எண்ணமும் உடன் வந்தது.

இரண்டாவது ஆசிரியர் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுபவர். இத்தகையவர்களைச் 'சொல்தா' என்றே நம் ஊரில் அழைப்பது வழக்கம். தெருப்பிள்ளைகள் அனைவருக்கும் அவர் சொல்தா தாத்தா. ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் ஓய்வுபெற்ற நண்பர்கள் நால்வர் அமர்ந்து 'பெலோத்' என்னும் பிரெஞ்சு ஆட்டம் ஆடுவார்கள். பணம் கிடையாது. தோற்ற ஜோடி தேநீர் வாங்கித் தரவேண்டும், அவ்வளவே.

சென்ற ஆண்டு அந்த நால்வரில் ஒருவர் காலமானார். பெலோத் இருவர் இருவராக ஜோடி சேர்ந்து ஆடும் ஆட்டம். மூவர் கூடினால் பேசலாம், ஆடமுடியாது. நான்கு மாதங்கள் சீட்டுக்கட்டு உள்ளே அலமாரியிலேயே கிடந்தது. ஒருநாள் தாத்தா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உனக்குச் சீட்டு தெரியுமாமே? நாலாவது ஆளா உட்காருவியா?" என்றார். இருபத்தெட்டு தெரியும் என்றேன். "அது போதும். ரெண்டும் அண்ணன் தம்பிதான்" என்றார். அண்ணன் தம்பிகள் என்பதே என் தடுமாற்றத்திற்குக் காரணமாக அமையப்போகிறது என்று எங்கள் இருவருக்குமே அப்போது தெரியவில்லை.

ஒரே குடும்பம்

தாத்தா சொன்னது உண்மையே. இரண்டு ஆட்டங்களிலும் 52 சீட்டில் இரண்டு முதல் ஆறு வரை உள்ளவற்றை நீக்கிவிட்டு, மீதமுள்ள 32 சீட்டுகளை வைத்தே ஆடுகிறார்கள். இரண்டிலும் நால்வர், எதிரெதிரே அமர்ந்தவர் ஜோடி, ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஒருவர் போட்ட இனத்தையே மற்றவரும் போடவேண்டும். ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டுகளையும் பெரிய சீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். அதைப் 'பிடி' என்போம். பிடித்த சீட்டுகளில் உள்ள புள்ளிகளைக் கூட்டி வெற்றி தோல்வி காண்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. இரண்டிலும் துருப்பு இனத்தில் ராஜாவும் ராணியும் பெரியவர்கள் அல்லர். ஜாக்கியே முதலிடம், அடுத்தது ஒன்பது, பிறகு ஆஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு என்று வரிசை இறங்குகிறது. சுவிட்சர்லாந்தின் தேசிய ஆட்டம் போல விளங்கும் 'யாஸ்' என்பதிலும் துருப்பில் ஜாக்கிக்கும் ஒன்பதுக்குமே முதலிரண்டு இடங்கள். யாஸ் ஆட்டத்தின் பிறப்பிடம் ஹாலந்து என்றும், நம் நாட்டு ஆட்டங்களும் அந்த ஐரோப்பியக் குடும்பத்தில் கிளைத்தவையாக இருக்கலாம் என்றும் சீட்டாட்ட வரலாற்றை ஆய்ந்தவர்கள் கருதுகின்றனர். கொச்சி 1663 முதல் 1795 வரை ஒல்லாந்தர் வசம் இருந்தது. இலங்கைக் கடற்கரை 1796 வரை அவர்கள் வசம் இருந்தது. நம் புதுச்சேரியையும் 1693 முதல் 1699 வரை அவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். கேரளத்தில் இருபத்தெட்டும், இரு கட்டு வைத்து ஆடும் ஐம்பத்தாறும், இலங்கையில் முந்நூற்று நான்கும் வழங்குவதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பது பொருத்தம் எனலாம். பெலோத் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் பரவிய ஆட்டம். ஆக, ஒரு குடும்பத்தின் இரு கிளைகள் வெவ்வேறு கப்பல் ஏறி வந்து எங்கள் தெருத் திண்ணையில் சந்தித்தன!

முதல் நாள் தோல்வி

பிரெஞ்சுச் சீட்டுக்கட்டில் மூலை எழுத்துகள் ஜே, கியூ, கே அல்ல. வி, டி, ஆர். ஜாக்கி 'வலே', ராணி 'தாம்', ராஜா 'ருவா' என்பதன் முதலெழுத்துகள் அவை. இதற்குப் பழக எனக்குக் கால்மணி நேரமே ஆயிற்று. புதியதாகத் தெரிந்ததைப் புதியதாகவே கற்றுக்கொண்டேன். தொல்லை அங்கே வரவில்லை. பழையதைப் போலத் தெரிந்த இடத்தில்தான் வந்தது.

முதல் ஆட்டத்திலேயே துருப்பை நாங்கள் எடுத்தோம். துருப்பு கிளாவர். என் கையில் ஆர்ட்டின் ஜாக்கி இருந்தது. இருபத்தெட்டில் எந்த இனமானாலும் ஜாக்கிதான் தலை. ஆகவே, 'ஒரு பிடி உறுதி' என்று அதைத் தைரியமாக இறக்கினேன். அடுத்தவர் ஆர்ட்டின் ஆஸைப் போட்டார். தாத்தாவிடம் ஆர்ட்டினில் ராஜா ஒன்றே இருந்தது. வேறு வழியின்றி அதைப் போட்டார். நான்காமவர் தம் ஜோடி பிடிப்பது தெரிந்து மகிழ்ச்சியோடு பத்தைச் சேர்த்தார். ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 4, என் ஜாக்கிக்கு 2: மொத்தம் 27 புள்ளிகள் ஒரே பிடியில் எதிர்ப்பக்கம் போயின.

பெலோத்தில் துருப்பு இனத்தில் மட்டுமே ஜாக்கி தலைவன். மற்ற மூன்று இனங்களில் ஆஸ், பத்து, ராஜா, ராணி ஆகிய நால்வருக்கும் பின்னால் ஐந்தாவதாக நிற்பவன். தாத்தா இதை எனக்குச் சொல்லத்தான் செய்தார். நானும் தலையசைத்தேன். ஆனால் கை பழைய பாடத்தையே ஒப்பித்தது.

இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. எதிராளி டைமன் போட்டார். என்னிடம் டைமன் இல்லை; சிறு துருப்பு ஒன்று இருந்தது. இருபத்தெட்டில் இனம் இல்லாதபோது துருப்பு வெட்டுவது நம் விருப்பம். 'பின்னால் உதவும்' என்று அதைப் பதுக்கிவிட்டு இஸ்பேடு ஏழைத் தள்ளினேன். பெலோத்தில் அப்படிச் செய்யக்கூடாது. ஜோடி பிடித்துக்கொண்டிருந்தாலன்றி, இனம் இல்லாதவர் துருப்பு போட்டே ஆகவேண்டும். ஏற்கெனவே ஒருவர் துருப்பு போட்டிருந்தால், முடியுமானால் அதைவிடப் பெரிய துருப்பைப் போடவேண்டும். இரண்டு சுற்றுக் கழித்து அந்தத் துருப்பு வெளியே வந்தபோது எதிராளிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதியவன் என்பதால் மன்னித்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

முடிவில் எங்களுக்கு 76, அவர்களுக்கு 86. துருப்பு எடுத்தவர்கள் மொத்தம் 162-இல் பாதிக்கு மேல், அதாவது 82 பெறவேண்டும். தவறினால் 'தெதான்', உள்ளே விழுந்தார்கள் என்று பொருள். 162 புள்ளிகளும் எதிர்ப்பக்கம் போய்விடும். ஆறு புள்ளி குறைந்ததால் எல்லாம் போயிற்று. தாத்தா கோபிக்கவில்லை. "நீ ஒண்ணுமே தெரியாத பையனா வந்திருந்தா இதைப் பண்ணியிருக்க மாட்டே" என்றார். அன்று இரவு அந்தச் சொல்லே என் மனத்தில் சுழன்றது.

கணக்கு காட்டும் உண்மை

மறுநாள் ஒரு தாளில் இரு ஆட்டங்களின் புள்ளிகளையும் எழுதிப் பார்த்தேன்.

இருபத்தெட்டில் எல்லா இனங்களும் ஒரே மதிப்பு. ஜாக்கி 3, ஒன்பது 2, ஆஸ் 1, பத்து 1. ஆக இனத்திற்கு 7. நான்கு இனங்களுக்கு 28. ஆட்டத்தின் பெயரே அதன் கூட்டுத்தொகை. (முந்நூற்று நான்கிலும் அப்படியே: ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, இனத்திற்கு 76, நான்கு இனங்களுக்கு 304.)

பெலோத்தில் துருப்பு இனம்: ஜாக்கி 20, ஒன்பது 14, ஆஸ் 11, பத்து 10, ராஜா 4, ராணி 3, மொத்தம் 62. மற்ற இனம்: ஆஸ் 11, பத்து 10, ராஜா 4, ராணி 3, ஜாக்கி 2, மொத்தம் 30. மூன்று இனங்களுக்கு 90. கடைசிப் பிடிக்கு 10. ஆக 62 + 90 + 10 = 162.

இப்போது நான்கு ஜாக்கிகளையும் சேர்த்துப் பாருங்கள். இருபத்தெட்டில் அவை 12 புள்ளிகள். மொத்தத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பங்கு. பெலோத்தில் 26 புள்ளிகள். நூற்றுக்கு 16 பங்கு. ஆஸ்களை எடுத்துக்கொண்டால் இருபத்தெட்டில் நூற்றுக்கு 14 பங்கு. பெலோத்தில் 44 புள்ளிகள், நூற்றுக்கு 27 பங்கு. அதாவது, செல்வம் ஜாக்கியின் வீட்டிலிருந்து ஆஸின் வீட்டிற்கு இடம் மாறியிருக்கிறது. அந்தச் செய்தி தெரியாமல் நான் பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன்.

போக்கரிலும் இதே பாடம்

இது எங்கள் திண்ணைக்கு மட்டும் உரிய செய்தியா என்ற ஐயம் எழுந்தது. ஆகவே, உலகெங்கும் பேசப்படும் போக்கர் வகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கும் இதே பாடம் கிடைத்தது.

நம் நாட்டில் 'மூன்று சீட்டு' என வழங்கும் ஆட்டம் போக்கருக்கு உறவினன். அதில் அடுத்தடுத்த எண்கள் வரும் 'வரிசை' பெரிது. மூன்றும் ஒரே இனமாக இருப்பது அதற்குக் கீழ். ஐந்து சீட்டுப் போக்கரிலோ இது தலைகீழ்: ஐந்தும் ஒரே இனமாக இருந்தால் அது வரிசையை வெல்லும். இது யாரோ மனம்போல வகுத்த விதியா? இல்லை, எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள் உள்ளன. இரண்டும் ஒருங்கே அமைந்தவற்றை நீக்கிவிட்டால், வரிசை அமைவது 720 வழிகளில். ஒரே இனம் அமைவது 1,096 வழிகளில். வரிசை அரியது, ஆகவே உயர்ந்தது. ஐந்து சீட்டு எடுக்க 25,98,960 வழிகள். அவற்றில் வரிசை 10,200; ஒரே இனம் 5,108. இங்கே ஒரே இனம் அரியது. ஆகவே அது உயர்ந்தது. அரியதே பெரியது என்ற நெறி இரண்டிலும் ஒன்றே. சீட்டு எண்ணிக்கை மாறியதால் அரியது எது என்பது மாறிவிட்டது. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் புதிய ஆட்டத்தில் குழம்புவார். விதியின் காரணத்தை அறிந்தவர் புதிய விதியைத் தாமே ஊகித்துக்கொள்வார்.

இன்னுமொன்று. 'டெக்சஸ் ஹோல்டெம்' என்ற வகையில் கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. இந்த ஏழில் சிறந்த ஐந்தை எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாம். 'ஒமாஹா' என்ற வகையில் கையில் நான்கு சீட்டு. ஆனால் கையிலிருந்து சரியாக இரண்டையும் நடுவிலிருந்து சரியாக மூன்றையுமே எடுக்கவேண்டும். நடுவில் நான்கு இஸ்பேடும் கையில் ஓர் இஸ்பேடும் இருந்தால் முன்னதில் ஐந்து இஸ்பேடு அமைந்துவிடும், பின்னதில் அமையாது. ஹோல்டெம் பழகியவர் ஒமாஹாவில் வென்றுவிட்டதாக எண்ணிச் சீட்டை விரித்துவைத்துத் தோற்பது இந்த இடத்தில்தான். என் ஆர்ட்டின் ஜாக்கிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

நம் பிரெஞ்சு வகுப்பில் இதே அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஆங்கிலம் தெரிந்த மாணவர் 'லிப்ரேரி' என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கண்டதும் நூலகம் என்று எழுதிவிடுவார். அது புத்தகக் கடை. தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறோம். தெரிந்தது போன்ற சொல்லுக்குப் புரட்டுவதில்லை.

கேட்கவேண்டிய ஐந்து வினாக்கள்

இவற்றிலிருந்து புதிய ஆட்டம் எதையும் தொடங்குமுன் கேட்டுக்கொள்ள ஐந்து வினாக்களை வகுத்துக்கொண்டேன். நண்பர்களுக்கும் பயன்படலாம்.

1. எத்தனை சீட்டு? கட்டில் எத்தனை, கையில் எத்தனை, நடுவில் எத்தனை என்பது தெரிந்தால் எது அரியது என்பது தெரியும்.

2. எது பெரிது, எங்கே பெரிது? 'ஜாக்கி பெரிது' என்பது அரைகுறை விடை. 'துருப்பில் மட்டும் பெரிது' என்பதே முழு விடை.

3. எது கட்டாயம், எது விருப்பம்? சீட்டை விரும்பியபடி தள்ளலாமா, போட்டே தீரவேண்டுமா? பழைய ஆட்டத்தின் உரிமை புதிய ஆட்டத்தில் குற்றமாகக்கூடும்.

4. எது மறைவு, எது வெளிப்படை? இருபத்தெட்டில் முதல் நான்கு சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டு வென்றவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். பிறகு தேவை வரும்போதே அது திறக்கப்படும். பெலோத்தில் ஐந்து சீட்டுக் கொடுத்தவுடன் ஒன்றைத் திறந்து வைப்பார்கள். எடுப்பவர் எல்லோரும் அறிய எடுப்பார். ஒன்றில் ஊகம் பாதி ஆட்டம்; மற்றதில் நினைவாற்றலே பெரும்பகுதி.

5. எவ்வளவு பெற்றால் வெற்றி? இருபத்தெட்டில் 14 முதல் 28 வரை நாம் கேட்ட எண்ணே நம் எல்லை. பெலோத்தில் எல்லை எப்போதும் பாதிக்கு மேல்.

இந்த ஐந்துக்கும் விடை எழுதி, பழைய ஆட்டத்தின் விடையோடு ஒப்பிட்டு, மாறுபடும் இடங்களுக்கு மட்டும் கோடிட்டுக்கொண்டேன். எனக்கு விழுந்த கோடுகள் நான்கு. கற்கவேண்டியது அந்த நான்கே. ஆனால் மறக்கவேண்டியதும் அந்த நான்கே. மறப்பதற்கே அதிக நாள் ஆயிற்று. மூன்று வாரங்கள் தேநீர்ச் செலவு பெரும்பாலும் எங்கள் ஜோடிக்கே!

தாத்தா மாணவரான கதை

சென்ற பொங்கல் விடுமுறைக்கு முன்பு, மாஹி நண்பனையும் திண்ணைக்கு அழைத்துச் சென்றேன். தாத்தாவுக்கு இருபத்தெட்டைக் கற்றுக்கொடுக்க விரும்பினோம். "இதென்ன பெரிய வித்தை!" என்று உற்சாகமாக உட்கார்ந்தார். முதல் நான்கு சீட்டில் அவருக்கு மூன்று ஜாக்கிகள். அவையே 9 புள்ளி. அப்படியிருந்தும் 14-க்குக் கேட்காமல் 'பாஸ்' சொல்லிவிட்டார். துருப்பு கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து, "அது என்னன்னு சொல்லுங்கப்பா, அப்புறம் ஆடலாம்" என்றார். இஸ்பேடு ஜாக்கியைக் கடைசிவரை கையிலேயே வைத்திருந்து துருப்புக்குப் பறிகொடுத்தார்.

ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் சீட்டாடிய கை அது. நான் செய்த தவற்றையே திருப்பிச் செய்தது. இளமையோ அறியாமையோ அதற்குக் காரணமில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. நன்றாகத் தெரிந்திருப்பதே காரணம். தாத்தாவுக்கும் அது புரிந்தது. சிரித்துக்கொண்டே, "அன்னைக்கு உன் கையில இருந்த ஜாக்கி இன்னைக்கு என் கையில, தம்பி" என்றார்.

முடிவுரை

சீட்டாட்டம் எல்லாம் சூது என்பதும் சரியன்று. எதுவுமே சூதில்லை என்பதும் சரியன்று. ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று உச்சநீதிமன்றம் 1967-இல் கூறியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025-இல் சட்டம் இயற்றித் தடை செய்தது. பணம் புகுந்தால் கற்பதற்கு இடமில்லை என்பதை என் அனுபவத்திலும் சொல்வேன். அந்த முதல் மாலையில் 162 புள்ளிகளுக்குப் பதில் காசு போயிருந்தால் நான் மறுநாள் திண்ணைக்குப் போயிருக்கமாட்டேன்; தவறு எங்கே என்று தாளெடுத்து எழுதியும் பார்த்திருக்கமாட்டேன்.

நண்பர்களே! நம் தெருக்களில் இத்தகைய திண்ணைகள் இன்னும் சில இருக்கின்றன. அங்கே ஆடப்படும் ஆட்டங்களை ஆடத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைகிறார்கள். நாலாவது இடம் காலியாகும்போது ஆட்டமே நின்றுவிடுகிறது. நீங்கள் அறிந்த ஆட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகாமல், வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். திரும்பும்போது அது அங்கேயே இருக்கும், யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

இப்போது எங்கள் திண்ணையில் திங்கள் முதல் வெள்ளிவரை பெலோத்; சனிக்கிழமை இருபத்தெட்டு. தாத்தா சென்ற சனிக்கிழமை 19 கேட்டு வென்றார். தேநீர் நான் வாங்கினேன்.